ஔவை புகழ்ந்தாரா, பழித்தாரா?

பொங்கல் முடிந்து பள்ளி திறந்ததும் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திருப்புதல் தேர்வுகள் வரிசை கட்டி வரும். ஆண்டு முழுக்க நடத்திய செய்யுளையும் உரைநடையையும் மறுபடி முதலிலிருந்து எடுக்கிற காலம் அது. எந்தப் பாட்டில் என்ன அணி, எந்தத் திணை, எந்தத் துறை, யார் பாடியது, எந்த நூலில் உள்ளது என்று கரும்பலகை நிறையும். இந்த வேலையைப் பற்றி ஒரு கருத்து இப்போது கேட்பாரில்லாமல் உலவுகிறது. பணியிடைப் பயிற்சியில் கருத்தாளர்கள் சொல்கிறார்கள். இலக்கிய மேடைகளில் எழுத்தாளர்கள் சொல்கிறார்கள். படித்த பெற்றோரும் சொல்கிறார்கள். அணியும் யாப்பும் ஆசிரியர் குறிப்பும் மனப்பாடச் சுமையாம். கவிதையைப் பிள்ளையிடம் அண்டவிடாமல் தடுப்பவையாம். அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பாட்டை உணரவிட்டால் ரசனை தானாக வளருமாம். பூவைப் பிய்த்துப் பார்த்தால் மணம் போய்விடும் என்ற உவமையையும் கூடவே சேர்த்துக்கொள்வார்கள்.

இதைச் சொல்கிறவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஒப்பிக்கத் தெரியாமல் வகுப்பில் நின்றுகொண்டே அழுத பிள்ளையைப் பார்த்தவர்கள் அவர்கள். சிலர் அந்தப் பிள்ளையாகவே இருந்தவர்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தக் கோபத்திலிருந்து அவர்கள் வந்து சேரும் முடிவை நான் முழுக்க மறுக்கிறேன். யாருக்காகப் பரிந்து பேசுகிறார்களோ அந்தப் பிள்ளைகளுக்கே அது கேடு செய்கிறது. அரசுப் பள்ளியில் தமிழ் நடத்துகிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

புறநானூற்றின் 95ஆம் பாட்டை எடுத்துக்கொள்வோம். ஔவையார் பாடியது, மிகச் சிறியது. இரண்டு இடங்களில் உள்ள படைக்கலங்களைப் பற்றிப் பேசுகிறது. இங்கே உள்ளவை மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தப்பட்டு, நெய் பூசப்பட்டுக் காவல் மிகுந்த மனையில் இருக்கின்றன. அங்கே உள்ளவையோ பகைவரைக் குத்தி முனை முறிந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன. அந்தப் பட்டறை ஆயுதங்களுக்கு உரியவன் எப்படிப்பட்டவன் என்று இரண்டு சொல் வருகிறது: வளம் இருந்தால் எல்லோருக்கும் சோறு போடுவான், இல்லாதபோது இருப்பதைக் கூட இருப்பவர்களோடு பகிர்ந்து உண்பான். அவ்வளவுதான் பாட்டு.

எந்தக் குறிப்பும் கொடுக்காமல், எந்த இலக்கணமும் சொல்லாமல் இதைப் பதினைந்து வயதுப் பிள்ளைகளிடம் கொடுத்துப் பார்த்திருக்கிறேன். முதல் அரசன் ஆயுதங்களைச் சுத்தமாகப் பேணுகிறவன், இரண்டாமவன் அக்கறை இல்லாதவன், ஆனாலும் நல்லவன் என்றுதான் பெரும்பாலோர் சொன்னார்கள். அவர்கள் மீது குற்றம் இல்லை. வெறும் சொல்லை மட்டும் பற்றிக்கொண்டு போனால் அங்கேதான் போய் நிற்க வேண்டியிருக்கும். பாட்டுக்குள் தொண்டைமான் பெயர் இல்லை. அதியமான் பெயரும் இல்லை. அதியமானின் தூதராகப் போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைச் சுற்றிக் காட்டினான், அப்போது அவர் பாடியது இது என்ற செய்தி பாட்டின் அடியில் பழையவர்கள் எழுதி வைத்த குறிப்பில் இருக்கிறது. பாடாண் திணை, வாண்மங்கலம் என்ற துறை ஆகியவையும் அந்தக் குறிப்பில்தான் இருக்கின்றன.

இந்தக் குறிப்பைக் கொடுத்த பிறகு வகுப்பு மாறுவதைப் பார்க்க வேண்டும். தூது போனவர் பகை அரசனின் அவையில் நின்று பேசுகிறார். நேராகத் திட்ட முடியாது. உன் ஆயுதங்கள் பளபளவென்று இருக்கின்றன என்கிறார். பளபளப்பு என்பது போர் பார்க்காததன் அடையாளம் என்று யாராவது ஒரு மாணவிக்குப் பொறி தட்டும். அந்த இடத்தில் நான் அங்கதம் என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதுவேன். தொல்காப்பியர் செய்யுளியலில் அதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்: வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம், பழியை உள்ளே மறைத்து வைப்பது பழிகரப்பு அங்கதம். ஔவையார் எந்த வகையைக் கையாள்கிறார், ஏன் அதைத் தேர்ந்தார் என்று கேட்டால் போதும். தூதரின் உயிர், அவையின் நாகரிகம், அதியமானின் மானம் என்று பிள்ளைகள் அடுக்க ஆரம்பிப்பார்கள்.

எதிர்க்கருத்துக்காரர்கள் சுமை என்று தள்ளச் சொல்லும் இரண்டு பொருள்கள் இல்லாமல் இந்தப் பாட்டு தலைகீழாகப் படிக்கப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒன்று ஆசிரியரையும் சூழலையும் பற்றிய குறிப்பு. மற்றொன்று உத்தியின் பெயர். உணர்ச்சி இதற்குப் பிறகுதான் வருகிறது. பாட்டு சொல்வதற்கு நேர் எதிரான ஒன்றை உணர்ந்துவிட்டு அதையே ரசனை என்று நம்பிக்கொள்ளும் பிள்ளையை நாம் ஏமாற்றியிருக்கிறோம். ஆசிரியர் குறிப்பு பாடநூல் குழு கண்டுபிடித்துத் திணித்த பாரமும் அல்ல. புறநானூற்றைத் தொகுத்துக் காத்து நமக்குத் தந்த மரபு, பாடியவரையும் பாடப்பட்டவரையும் திணையையும் துறையையும் பாட்டோடு சேர்த்தே கடத்தியிருக்கிறது. அவை இல்லாமல் பாட்டு நிற்காது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எந்த ஔவையார் என்பதும் ஒரு கேள்விதான். 1953இல் வந்த ஜெமினியின் ‘ஔவையார்’ படம் கே.பி. சுந்தராம்பாளின் உருவத்தில் ஒரே ஒரு மூதாட்டியைத் தமிழ்நாட்டின் மனத்தில் நிறுத்திவிட்டது. அதியமானிடம் நெல்லிக்கனி பெற்றவரும் ஆத்திசூடி எழுதியவரும் ஒருவரே என்று நம்பும் பட்டதாரிகள் எத்தனையோ பேர். இடையே பல நூற்றாண்டு இருக்கிறது. சங்க ஔவையாரின் பாடல்களாக 59 கிடைத்திருக்கின்றன. அகமும் உண்டு, புறமும் உண்டு. புறநானூற்றுப் பாட்டு ஒன்றில் பகை வேந்தன் அவரை அழகிய விறலி என்று விளித்துத்தான் கேள்வி கேட்கிறான். கோலூன்றிய கிழவி அங்கே இல்லை. காதலைப் பாடிய, அரசவையில் அங்கதம் பேசிய அந்தப் பெண்ணை நம் மாணவிகள் சந்திக்க வேண்டுமென்றால் ஆசிரியர் குறிப்பை ஒழுங்காக நடத்தத்தான் வேண்டும்.

அடுத்து, திருப்புதல் என்பதே வீண், அது தேர்வுக்கான சடங்கு என்ற வாதத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்கு மிகுந்த வருத்தம். இலக்கிய வாசிப்பு என்பதே பெரும்பகுதி மறுவாசிப்புத்தான். முதல் தடவை நடத்தும்போது ஒரு செய்யுள் தனியாக வருகிறது; சொற்பொருள் சொல்லி முடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடுகிறது. ஜூலையில் நடத்திய பாட்டையும் நவம்பரில் நடத்திய பாட்டையும், போன வருஷம் படித்ததையும் இந்த வருஷம் படித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கத் திருப்புதல் நேரத்தில்தான் முடிகிறது. அப்படி வைப்பதற்குப் பாலம் வேண்டும். அந்தப் பாலம் அணியின் பெயர்.

தற்குறிப்பேற்ற அணியை எல்லோரும் கேலிக்கு எடுத்துக்கொள்வதால் அதையே எடுக்கிறேன். இயல்பாக நடக்கிற ஒன்றின் மேல் கவிஞர் தம் குறிப்பை ஏற்றிச் சொல்வது. எடுத்துக்காட்டு, கோவலனும் கண்ணகியும் மதுரைக்குள் வரும்போது மதில் மேல் கொடிகள் அசைந்தது வராதீர்கள் என்று கை காட்டுவது போல இருந்தது என்பது. மூன்று தலைமுறைப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறார்கள். இதோடு நிறுத்தினால் எதிர்க்கருத்துக்காரர்கள் சொல்வது சரிதான். நிறுத்த வேண்டியதில்லை. அதே புறஞ்சேரி இறுத்த காதையில் கொடிகளுக்குச் சற்று முன்னால் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வையை ஆறு கண்ணகிக்கு வரப்போவதை அறிந்து, பூக்களை ஆடையாகப் போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக்கொள்கிறது. அகழியின் குவளையும் ஆம்பலும் தாமரையும் வண்டின் குரலில் ஏங்கிக் கண்ணீரோடு நடுங்குகின்றன. அதன் பிறகுதான் கொடி. ஆறு, அகழி, மதில் என்று ஊருக்குள் நுழைகிற வழியெங்கும் ஒரே அணி மூன்று தடவை வருகிறது.

அணியின் பெயர் தெரிந்த மாணவனுக்கு மட்டுமே இந்த மூன்றும் ஒன்று என்று தெரியும். தெரிந்த பிறகு அவனால் அடுத்த கேள்வியைக் கேட்க முடியும்: இவை சொல்வது கோவலனுக்குக் கேட்டதா? ஆற்றைப் பார்த்த கோவலனும் கண்ணகியும் அதைப் பூ நிறைந்த ஆறு என்று வியந்து கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் கண்ணுக்குப் பூ மட்டும் தெரிகிறது. கண்ணீர் தெரிவது நமக்கு. ஊரும் ஆறும் கவிஞரும் படிப்பவரும் அறிந்த ஒன்று அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் நம் நெஞ்சு பதறுகிறது. இளங்கோவடிகள் அந்தப் பதற்றத்தை எப்படிச் செய்தார் என்பதை அணி காட்டிக்கொடுக்கிறது.

அங்கிருந்து கம்பருக்குப் போகலாம். மிதிலைக் காட்சிப் படலத்தில் இராமன் ஊருக்குள் வருகிறான். அங்கும் கொடி அசைகிறது. அங்கும் தற்குறிப்பேற்றம். ஆனால் மிதிலையின் கொடிகள் விரைந்து வா என்று அழைக்கின்றன, திருமகள் அங்கே பிறந்திருப்பதால். ஒரே கொடி, ஒரே காற்று, ஒரே அணி. ஒரு நகரம் தடுக்கிறது, ஒரு நகரம் கூப்பிடுகிறது. இரண்டு பெருங்கவிஞர்களின் வேறுபாட்டைச் சொல்ல இதைவிடத் தெளிவான இடம் எனக்குத் தெரியவில்லை. பல நூற்றாண்டுப் பிந்திய கம்பர் இளங்கோவை மனத்தில் வைத்துப் பாடினாரா என்று ஒரு மாணவி கேட்டாள். தெரியாது, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி என்றேன். பாட்டை வெறுமனே உணர்ந்திருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. இரண்டு பாட்டையும் ஒரே பெயரின் கீழ்த் திருப்பிப் பார்த்ததால் பிறந்தது. பூவின் மணம் எங்கும் போய்விடவில்லை.

திரும்பப் படிப்பதன் மதிப்பை நம் இலக்கணக்காரர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் கணக்கே போட்டுத் தருகிறார். ஒரு முறை பாடம் கேட்டவன் மறுமுறையும் கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் பிறருக்கு முறையாகச் சொல்லும் தகுதி வரும். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால் பங்குதான் கிடைக்கும். உடன் படிப்பவர்களோடு பழகிப் பேசுவதில் இன்னொரு கால். மற்றவர்களுக்கு எடுத்துரைப்பதில் மீதிப் பாதி. 13ஆம் நூற்றாண்டில் எழுதிய இந்தக் கணக்கை இன்றைய கல்வியாளர்கள் புதுச் சொற்களில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். அதன்படி பார்த்தால் முதல் தடவை நடத்தும் பாடம் வெறும் கால் பங்கு. ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வதும் விளக்கிச் சொல்வதுமான முக்கால் பங்கு எப்போது நடக்கிறது? நடக்கவேண்டிய இடம் திருப்புதல் வகுப்பு. அதை வாயில்லாமல் எழுதிப் பார்க்கும் தேர்வாகச் சுருக்கிவிட்டோம் என்பதுதான் குறை. குறையைச் சரி செய்யாமல் முக்கால் பங்கையே வெட்டச் சொல்வது என்ன நியாயம்?

யாப்பருங்கலக் காரிகையைப் பாருங்கள். அமிதசாகரர் யாப்பு விதிகளைச் சொல்லிவிட்டு, அவற்றுக்கான எடுத்துக்காட்டுப் பாடல்களின் தொடக்கங்களைக் கோத்துத் தனிச் செய்யுளாகவே செய்திருக்கிறார். முதல்நினைப்பு என்று அதற்குப் பெயர். மாணவர் ஒரு காரிகையைச் சொன்னால் பத்துப் பதினைந்து எடுத்துக்காட்டுகள் வரிசையாக நினைவில் எழும். நினைவுகூர்வதையே பாட்டாக்கிய மரபில் வந்த நாம் நினைவுகூர்வது இலக்கியத்துக்குப் பகை என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

ரசனை மட்டும் போதும் என்ற பேச்சுக்கு நம்மிடையே பெரிய மனிதர்களின் ஆதரவும் உண்டு என்பதை நான் மறைக்கவில்லை. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரைப் போலக் கம்பனைப் பாடிக் காட்டி ஒரு தலைமுறையை மயக்கியவர் வேறில்லை. திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் கூடியவர்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கேட்டு அனுபவித்தார்கள். அதுவும் ஒரு திருப்புதல்தான் என்பேன். அவரிடம் எனக்குள்ள மரியாதை குறையவே குறையாது. ஆனால் அவர் தம் செவியையும் ரசனையையும் மட்டும் நம்பி, எது கம்பன் பாட்டு, எது இடைச்செருகல் என்று தீர்ப்பளித்தார், சொற்களையும் மாற்றினார். சுவடி சொல்வதை ரசனை அழித்து எழுதலாமா என்று அறிஞர்கள் கேட்ட கேள்வி நியாயமானது. அவ்வளவு கூர்மையான ரசனைக்கே ஒரு கட்டுப்பாடு தேவைப்பட்டது என்றால், இப்போதுதான் படிக்கத் தொடங்கும் பிள்ளையை ரசனையின் கையில் மட்டும் ஒப்படைக்கலாமா?

க.நா.சுப்ரமண்யமும் ரசனையையே அளவுகோலாக வைத்தார். சி.சு. செல்லப்பா அதற்கு மாறாக, 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழில், படைப்பை உறுப்பு உறுப்பாக எடுத்துப் பார்க்கும் அலசல் விமரிசனத்தை வளர்த்தார். நான் செல்லப்பா பக்கம். க.நா.சு. உலக இலக்கியம் முழுவதையும் படித்துத் தேர்ந்தவர். நல்லது என்று அவர் சொன்னால் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் ஒரு நூலகம் இருந்தது. அந்த நூலகம் இல்லாதவர்களுக்குச் செல்லப்பாவின் வழிதான் உதவும். இது கவிதையா என்று புதுக்கவிதையைப் பார்த்துக் கேட்டவர்களிடம் படிமத்தையும் ஒலிநயத்தையும் எடுத்துக் காட்டி வாதாட அந்த வழியால்தான் முடிந்தது.

குறிப்புகள் இல்லாமல் மாணவர் கவிதையை எப்படிப் படிப்பார்கள் என்று ஒருவர் சோதித்தே பார்த்திருக்கிறார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் 13 கவிதைகளை ஆசிரியர் பெயர் நீக்கி மாணவர்களிடம் கொடுத்து எழுதி வாங்கினார். 1929இல் அதை நூலாக வெளியிட்டார். இலக்கியம் படிக்க வந்த, வசதியான பள்ளிகளில் பயின்ற மாணவர்கள் அவர்கள். பலர் கவிதையின் நேர்ப்பொருளையே தவறவிட்டார்கள். கவிதையில் இல்லாத சொந்த நினைவுகளை ஏற்றினார்கள். ஏற்கெனவே மனத்தில் தயாராக இருந்த உணர்ச்சிகளைக் கவிதை தந்ததாக எண்ணிக்கொண்டார்கள். உணரவிட்டால் போதும் என்கிறவர்கள் இந்த நூலை ஒரு முறை படிக்க வேண்டும். ரிச்சர்ட்ஸ் இதிலிருந்து எடுத்த முடிவு, வாசிக்கும் பயிற்சி இன்னும் நுட்பமாகத் தரப்பட வேண்டும் என்பதே.

ஆசிரியன் இறந்துவிட்டான், ஆகவே ஆசிரியர் குறிப்பு எதற்கு என்று ரோலான் பார்த்தின் பெயரைச் சொல்கிறவர்களும் உண்டு. அதே பார்த் 1970இல் பால்சாக்கின் ஒரே ஒரு கதையை 561 துண்டுகளாகப் பிரித்து, ஐந்து வகைக் குறிமுறைகளால் அலசி ஒரு முழு நூல் எழுதியவர். உத்திகளைத் துருவிப் பார்க்காதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

தமிழில் ஆசிரியர் குறிப்பையும் உத்தியையும் பிரித்துப் பேசுவதே எனக்குப் பொருத்தமாகப் படவில்லை. குறுந்தொகையிலும் நற்றிணையிலும் இயற்பெயர் மறைந்துபோன புலவர்களைத் தொகுத்தவர்கள் எப்படிக் குறித்தார்கள்? செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், தேய்புரிப் பழங்கயிற்றினார், ஓரேருழவனார். ஒவ்வொன்றும் அவரவர் பாட்டின் உவமையிலிருந்தோ காட்சியிலிருந்தோ எடுத்த பெயர். பிறந்த ஊர் தெரியாது, தந்தை பெயர் தெரியாது, ஆணா பெண்ணா என்பதும் சிலருக்குத் தெரியாது. அவர்களைப் பற்றி உலகத்தில் மிஞ்சியிருப்பது அவர்கள் செய்த ஒரே ஓர் உவமை. இதை வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒரு நல்ல உவமை தன்னைச் செய்தவருக்கே பெயராகி ஈராயிரம் ஆண்டு நிற்கும் என்பதைக் கேட்ட பிள்ளை, உவமை அணி என்ற தலைப்பைப் பிறகு அதே கண்ணால் பார்ப்பதில்லை.

ஓரேருழவனார் பாட்டு எனக்கு ஒரு பெரிய பாடம் கற்றுத் தந்தது. காதலியைப் பிரிந்து வினை முடித்துத் திரும்பும் தலைவன், தன் நெஞ்சின் அவசரத்தை ஒற்றை ஏர் வைத்திருக்கும் உழவனின் அவசரத்தோடு ஒப்பிடுகிறான். உணருங்கள் என்று சொல்லி விட்டபோது வகுப்பில் பேச்சே எழவில்லை. தொல்காப்பியர் உவமையைப் பிரிக்கும் நான்கு அடிப்படைகளைக் கரும்பலகையில் எழுதினேன்: வினை, பயன், மெய், உரு. தலைவனும் உழவனும் இவற்றில் எதில் ஒத்திருக்கிறார்கள்? நிறத்தில் இல்லை, வடிவத்தில் இல்லை, செயலில்தான் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். என்ன செயல் என்றேன். கடைசி வரிசையில், பெரும்பாலும் பேசாத ஒரு பையன் எழுந்தான். வானம் பார்த்த பூமிக்காரன். மழை பெய்து ஈரம் காய்வதற்குள் உழுதுவிட வேண்டும் டீச்சர், நாலு ஏர் இருக்கிறவன் ஒரே நாளில் முடிப்பான், ஓர் ஏர் இருக்கிறவனுக்குப் பதற்றமாக இருக்கும், ஈரம் போய்விட்டால் அந்த வருஷமே போச்சு என்றான். பழைய உரைகளில் நான் படித்ததைவிட அவன் சொன்னது தெளிவாக இருந்தது.

அவனுடைய அறிவு அவனிடம் எப்போதும் இருந்ததுதான். பாட்டுக்குள் நுழைய அதற்கு ஒரு வாசல் தேவைப்பட்டது. இலக்கணம் அந்த வாசலைத் திறந்தது. ரசனை, உணர்வு என்று பேசும்போது வகுப்பில் வாய் திறப்பவர்கள் யார் என்று கவனித்துப் பாருங்கள். வீட்டில் புத்தக அலமாரி உள்ள பிள்ளைகள், தாத்தா வெண்பா சொல்லக் கேட்ட பிள்ளைகள், எதைப் பாராட்டினால் ஆசிரியர் மகிழ்வார் என்று முன்பே தெரிந்த பிள்ளைகள். அவர்களுக்கு அணி இலக்கணம் இல்லாவிட்டாலும் குடி முழுகிப் போகாது. கூலி வேலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு இடமில்லை. உத்தியின் பெயர் யாரும் யாரிடமிருந்தும் கற்றுக்கொள்ளக்கூடியது, சரி தவறு பார்க்கக்கூடியது, எதிர்த்து வாதாடக்கூடியது. ரசனையோ சிலருக்குக் குடும்பச் சொத்து. பொதுச் சொத்தைப் பிடுங்கிவிட்டுக் குடும்பச் சொத்தை வைத்துப் பிழைத்துக்கொள் என்று ஏழைப் பிள்ளையிடம் சொல்வதைத்தான் இந்தக் கருத்து செய்கிறது. சொல்கிறவர்களுக்கு அந்த எண்ணம் இல்லை. விளைவு அதுதான்.

ஆசிரியர் குறிப்பின் தேவையைச் சொல்ல உ.வே.சாமிநாதையர் போதும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டு, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த அவரிடம் 1880இல் சேலம் இராமசாமி முதலியார் என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று ஐயர் அடுக்கினார். சிந்தாமணியும் மணிமேகலையும் சிலப்பதிகாரமும் படித்ததுண்டா என்று முதலியார் திருப்பிக் கேட்டார். அந்தப் பெயர்களைக் கேட்டதிலிருந்துதான் பழந்தமிழ் நூல்களின் மீட்பில் ஐயரின் பங்கு தொடங்குகிறது. யார் எந்த நூலை எழுதினார்கள் என்ற வெறும் பட்டியலுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா? சிந்தாமணியைக் கையில் எடுத்த பிறகும், தமிழ்ப் பாட்டு எல்லாவற்றிலும் ஊறிய அவருக்கே அது பிடிபடவில்லை. திருத்தக்க தேவர் சமண முனிவர். சமணக் கொள்கை தெரியாமல் அந்தக் காவியத்தின் பல இடங்கள் திறக்கவில்லை. ஐயர் கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். 1887இல் நூல் அச்சாயிற்று. ஆசிரியர் யார், எந்தச் சமயத்தார் என்ற ஒரு வரிக் குறிப்பைச் சுமை என்று அவர் தள்ளியிருந்தால் நமக்கு இன்று சிந்தாமணி இந்த வடிவில் இல்லை.

உரைநடைக்கும் இதே நிலைதான். புதுமைப்பித்தன் அகலிகையைப் பற்றி இரண்டு கதை எழுதினார், ‘அகல்யை’, ‘சாப விமோசனம்’. இரண்டாவது கதையில், இராமன் சீதையைத் தீயில் இறங்கச் செய்தான் என்று கேட்டதும் அகலிகை மீண்டும் கல்லாகிறாள். தொன்மம் என்ற கருவி தெரியாதவர் இதை இராமாயணக் கிளைக்கதையாகப் படித்துவிட்டுப் போவார். ‘பொன்னகர’த்தின் தலைப்பில் உள்ள அங்கதம் தெரியாதவர் அதன் கடைசிச் சொற்களைக் கேட்டு அதிர மாட்டார். ஔவையாரிடம் கற்ற அதே பழிகரப்பு இங்கும் உதவுகிறது என்று சொன்னால் போதும், பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். கைப்பேசியில் தட்டினால் எல்லாம் கிடைக்கிறதே என்பவர்களுக்கு ஒரே பதில்: எதைத் தேடுவது என்று தெரிந்தவருக்குத்தான் கிடைக்கும்.

எதை விடலாம் என்றும் சொல்ல வேண்டும். கவிஞரின் பெற்றோர் பெயர், வாங்கிய பட்டங்களின் வரிசை, பாட்டைப் படிக்க எந்த வகையிலும் உதவாத ஆண்டுகள் ஆகியவற்றைத் திருப்புதலிலிருந்து தயங்காமல் எடுத்துவிடலாம். அணியின் இலக்கணத்தை நூற்பா பிசகாமல் எழுதினால்தான் மதிப்பெண் என்ற பிடிவாதத்தையும் விடலாம். ஆனால் அணிப்பொருத்தம் எழுதச் சொல்வதை விடக்கூடாது. ஒரு பெயரைச் சொன்ன பிள்ளை அது அங்கே எப்படிப் பொருந்துகிறது என்று காட்ட வேண்டிய இடம் அது. சான்றோடு பேசக் கற்றுக்கொள்ளும் இடம். நம் வினாத்தாள்களில் தெரிந்த எடுத்துக்காட்டே திரும்ப வருவதால் அந்த இடமும் மனப்பாடமாகிப் போனது. குற்றம் அணியின் மேல் இல்லை, வினாவின் மேல் இருக்கிறது.

ஆகவே வினாத்தாள் எடுக்கும் ஆசிரியர்களிடமும் பாடத்திட்டம் வகுப்பவர்களிடமும் என் கோரிக்கை இதுதான். தற்குறிப்பேற்ற அணிக்கு மதுரைக் கொடியையே மறுபடி கேட்காதீர்கள். வையை ஆற்றுப் பகுதியைப் பொருளோடு கொடுத்து, இங்கே வருவது அதே அணிதானா, கோவலன் பார்த்ததும் படிப்பவர் பார்ப்பதும் ஒன்றா என்று கேளுங்கள். புறநானூற்று 95ஆம் பாட்டை அடிக்குறிப்பு இல்லாமல் ஒரு முறையும் அடிக்குறிப்போடு ஒரு முறையும் அச்சிட்டு, உங்கள் வாசிப்பில் என்ன மாறியது என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். விடை எழுதும் பிள்ளைகளில் பாதிப் பேர் தடுமாறுவார்கள். அதற்கு அடுத்த திருப்புதலில் கால்வாசிப் பேர்தான் தடுமாறுவார்கள். அதற்காகத்தான் மூன்று திருப்புதல் வைத்திருக்கிறோம்.